மாமியின் வரம்பில் ஒரு றோபோ

றோபோ வாங்க அனுமதி கிடைத்த செய்தியை வட்டக்கச்சியில் நான் ஒரே ஒருவருக்குத்தான் சொன்னேன். அவர் என் மாமி, கணவரின் தாய். அடுத்த நாள் காலை பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பால் கொண்டுபோன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "பிள்ளை, உங்கட கம்பசுக்கு இரும்பு மனுசன் வருதாம், உண்மையோ?" என்று கேட்டார்.

நான் கிளிநொச்சியில் பொறியியல் மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். கலியாணத்துக்குப் பிறகு வட்டக்கச்சியில் கணவர் வீட்டில் இருக்கிறேன். அவருக்கு வவுனியாவில் வேலை; சனி ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் மாமியும் நானும்தான். மாமா காலமான பிறகு வயலை மாமியே செய்கிறார். இருசில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரை ஓட்டிக்கொண்டே, அதன் சத்தத்துக்கு மேலால், வீதியில் போகிறவர்களோடு கதைக்கக்கூடியவர். எங்கள் வீட்டுச் செய்திகள் வேகமாகப் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் இதைச் சொன்னபோது மாமி குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுமாம் அது?" என்று கேட்டார்.

"நடக்கும் மாமி."

"நடந்து?"

ஆய்வுக்கான விண்ணப்பத்தில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். சில்லில் ஓடும் இயந்திரம் வயலுக்குள் போகலாம், வரம்பில் போக முடியாது. வரம்பு மனிதனின் காலுக்காகக் கட்டப்பட்டது. ஆகவே மனிதக் கால் உள்ள இயந்திரம் வரம்பில் நடக்கப் பழகினால் பயிரைப் பார்க்கும், பூச்சியைக் கண்டுபிடிக்கும், மடை உடைந்தால் சொல்லும் என்றெல்லாம். அனுமதி தந்த குழுவில் இருந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. மாமிக்கு அந்த வாதத்தைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் இப்படி ஒன்றை வாங்குவது எங்களைப் போன்ற பல்கலைக்கழகப் பீடங்கள் கனவிலும் நினைக்காத விசயம். இப்போது மலிவானவை வந்துவிட்டன. மலிவு என்றால், பாவித்த கார் ஒன்றின் விலை. விற்கும் கம்பனியின் காணொளியில் அது ஓடியது, ஆடியது, காற்றில் உதைத்தது, விழுந்தால் தானே எழும்பியது. எங்கள் துறைத் தலைவர் அதைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு காண்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அது ஆடிய இடமெல்லாம் கண்ணாடி போன்ற தரை. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி வந்தது, பற்றரி வரவில்லை. பற்றரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம்; அது கப்பலில் வந்துகொண்டிருந்தது. எனவே பல கிழமைகளாக றோபோ ஆய்வுகூடத்தில் பஞ்சு மெத்தைக்குள் கால் மடித்துப் படுத்திருந்தது. வேறு துறைகளில் இருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். எல்லோரும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானோ?" என்றார்கள். அது என் தோளுக்கும் வராத உயரம். காணொளியில் பக்கத்தில் ஆட்கள் இல்லாததால் எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

துறைத் தலைவருக்கு உயரத்தை விடப் பெரிய அதிர்ச்சி ஒன்று இருந்தது. கை முடிகிற இடத்தில் விரல்கள் இல்லை. கறுப்பு றப்பர் உருண்டை ஒன்று மட்டும் இருந்தது.

"விரல் எங்கே?" என்று கேட்டார்.

"விரல் வேறயா வாங்க வேணும் சேர்."

"கை வாங்கினால் விரல் வராதோ?"

"இந்த விலைக்கு வராது சேர்."

அவர் அந்த உருண்டையை அமத்திப் பார்த்தார். வருகிற கண்காட்சியில் றோபோதான் மங்கல விளக்கேற்றும் என்று அவர் ஏற்கெனவே பலருக்குச் சொல்லிவிட்டிருந்தார். பிறகு, "சரி, கை காட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பற்றரி வந்த அன்று அதை எழுப்பினோம். எங்கள் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். இந்த வேலைக்கு வருமுன் தகப்பனோடு கடலுக்குப் போனவர். அவர் ஒரு கராச்சில் இருந்து, உழவு இயந்திரத்தின் இஞ்சினைக் கழற்றித் தூக்கும் மூன்றுகால் சட்டத்தை இரவல் வாங்கி வந்தார். றோபோவைத் தோள்பட்டியில் கட்டி அதில் தொங்கவிட்டோம். மின் ஆளியை அமத்தியதும் அது ஒரு முறை உதறியது. கால்கள் நிலத்தைத் தேடின. பிறகு நின்றது. எல்லோரும் கைதட்டினோம்.

ஆனால் அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. சமநிலையைப் பிடிப்பதற்காக டக் டக் டக் என்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தது.

"மிஸ்," என்றார் உத்தியோகத்தர், குரலைத் தாழ்த்தி. "இதுக்கு ஒண்டுக்கு முட்டினமாதிரி இருக்கு."

அதன் பிறகு அந்த டக் டக் ஒலி கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்ததில்லை. பாடம் நடத்தும்போதுகூட.

வாங்கிய பொருளோடு பழகப் பழகத்தான் விளம்பரத்தில் இல்லாத விசயங்கள் தெரியவந்தன. பற்றரி இரண்டு மணித்தியாலம் நிற்கும் என்று எழுதியிருந்தது. சும்மா நின்றால் நிற்கும். நடந்தால் அதில் பாதியும் இல்லை. கிளிநொச்சி வெய்யிலில் முழங்கால் மோட்டர் சூடேறிவிடும். சூடேறினால் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள மெல்லக் குந்திவிடும். கரண்ட் போய் ஏசி நின்ற நாட்களில் நானும் உத்தியோகத்தரும் ஆளுக்கொரு பரீட்சை மட்டையால் அதன் முழங்காலுக்கு விசிறியிருக்கிறோம். ஒரு கையால் ஒரு தேங்காய் தூக்கும். இரண்டு தூக்கச் சொன்னால் முன்னுக்குச் சாயும். கதவு நிலையில் தடக்கி விழும். அது விழும்போது பிடிக்கப் போகக்கூடாது என்று வழிகாட்டியில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் பாவித்த கார் ஒன்று விழுந்தால் யார்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? நாங்கள் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ப் பிடித்தோம். என் முழங்கையில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது.

வீட்டில் மாமி ஒவ்வொரு நாளும் விசாரிப்பார்.

"இண்டைக்கு என்ன செய்தது?"

"மண்டபத்தில இந்த முனையில இருந்து அந்த முனைக்கு நடந்தது மாமி."

"விழேல்லையோ?"

"ஒருக்காத்தான்."

"அப்ப கெட்டிக்காரன்தான்" என்பார். அவர் அதை ஆண்பிள்ளையாகவே வைத்திருந்தார். அயலில் உள்ளவர்கள் கேட்ட கேள்விகளையும் எனக்குக் கொண்டுவருவார். உர மூட்டை தூக்குமோ? மயில் கலைக்குமோ? குரங்குக்குக் கல் எறியுமோ? விரல் இல்லை என்று நான் சொன்னதும், "விரலில்லாமல் என்னெண்டு எறியிறது, பாவம்" என்று அதற்காக இரங்கினார்.

அவராகத்தான் ஒரு நாள் சொன்னார். "வரம்பில விடத்தானே வாங்கினது? எங்கட வரம்பில விடுங்கோவன். நான் இந்த முறை நல்லா அணைச்சுக் கட்டியிருக்கிறன்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. மண்டபத்தில் நடந்ததை வைத்து எவ்வளவு காலம்தான் அறிக்கை எழுதுவது? நாள் குறித்தோம். அன்று பார்த்துப் பீடத்து வான் வண்டி பீடாதிபதியோடு கொழும்புக்குப் போய்விட்டது. மாமி தயங்காமல் லான்ட்மாஸ்டரைத் தந்தார். உத்தியோகத்தர் ஓட்டினார். பின்பெட்டியில் பாய் விரித்து, றோபோவை இருத்தி, கயிற்றால் கட்டி, பக்கத்தில் நான் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வெய்யில் பட்டுச் சூடேறாமல் இருக்க அதன் தலையில் ஒரு துவாய்த் துண்டும் போட்டிருந்தோம்.

பிரதான வீதியில் ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். அவர் சிங்களவர்; தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் கதைத்தார்.

"மிஸ், பெட்டியில ஆள் ஏத்த ஏலாது. சின்னப் பிள்ளையும் இருக்கு."

"இது பிள்ளை இல்லை" என்று நான் துவாயை எடுத்தேன்.

அவர் ஓரடி பின்னுக்குப் போனார். பிறகு இரண்டடி முன்னுக்கு வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இது என்ன செய்யும்?" என்று கேட்டார். எல்லோருக்கும் அதே கேள்விதான். நான் நடக்கும் என்று சொல்லவில்லை, அனுபவம் படிப்பித்திருந்தது. "கை காட்டும்" என்றேன். காட்டச் சொன்னார். ஆளியைப் போட்டோம். காட்டியது. அந்த நேரம் பார்த்துப் புதுக்குடியிருப்பு பஸ் வந்து நின்றது. சாரதி இறங்கினார், நடத்துநர் இறங்கினார், பிறகு பஸ்ஸே இறங்கியது. ஒவ்வொருவரோடும் அது கை காட்டிப் படம் எடுத்து முடியும்போது பற்றரியில் பாதி போய்விட்டது. மாற்றுப் பற்றரி எங்களிடம் இல்லை. பொலிஸ்காரர் வீதியின் மறுபக்க வாகனங்களையெல்லாம் மறித்து, பெரிய மரியாதையோடு எங்களை அனுப்பிவைத்தார்.

வயலில் மாமி காத்திருந்தார். அயலவர்களில் ஐந்தாறு பேரும் வந்திருந்தார்கள். மாமியின் பயிர் முழங்காலுக்குக் கீழ் நின்றது, தண்ணீரும் நின்றது. வரம்புக்கு மறுபக்கத்து வயலில் முதல்நாள்தான் விதைத்திருந்தார்கள். தண்ணீர் வடித்த சேற்றில் முளைநெல் தூவிக் கிடந்தது. அந்த வயல்காரரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் பக்கத்தில் நின்றார்.

வரம்பில் இறக்கி ஆளியைப் போட்டோம். எழும்பி நின்றது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. எல்லாமாக ஏழெட்டு அடி நடந்திருக்கும். காலுக்குக் கீழே மண் கொஞ்சம் இணங்கியதும் அது நடையை நிறுத்தி, சமநிலை பிடிக்கத் தொடங்கியது.

டக் டக் டக் டக்.

மண்டபத்துத் தரைக்கு அது ஒன்றும் செய்யாது. ஈர வரம்புக்கு அது உலக்கை. ஒவ்வொரு மிதிக்கும் மண் அமிழ்ந்தது. அமிழ்ந்ததால் அது இன்னும் வேகமாக மிதித்தது. வேகமாக மிதித்ததால் இன்னும் அமிழ்ந்தது. நான் நிறுத்தும் பொத்தானை அமத்துவதற்குள் வரம்பு ஒரு சாண் அகலத்துக்கு வாய் திறந்தது. தண்ணீர் மற்ற வயலுக்குள் பாயத் தொடங்கியது.

"ஐயோ, என்ர விதை" என்றார் வயல்காரர்.

அப்போது றோபோ விழுந்தது. விழுந்த விதம் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. காலிரண்டும் இடுப்பும் உடைப்புக்குள் போக, நெஞ்சும் தலையும் வரம்பில் சாய, ஒரு மாதிரி அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் நின்றுவிட்டது.

நானும் உத்தியோகத்தரும் பாய்ந்து தோள்பட்டியைப் பிடித்தோம். மாமி சத்தம் போட்டார்.

"தூக்காதேங்கோ."

"மாமி, இது தண்ணி படக்கூடாத சாமான்."

"தூக்கினா தண்ணி போயிடும் பிள்ளை. அந்த மனுசன் நேற்று விதைச்சது. நான் மண் வெட்டுமட்டும் கிடக்கட்டும்."

என் ஒரு பக்கத்தில் பல்கலைக்கழகச் சொத்து. மறுபக்கத்தில் ஒருவர் தூவிய நெல். வழிகாட்டி நூலில் இதற்கு ஒரு வரியும் இல்லை. நான் சேலையோடு வரம்பில் அமர்ந்து அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். பற்றரி நெஞ்சுக்குள்தான் இருந்தது. அதை மட்டுமாவது நனையாமல் பார்க்கவேண்டும்.

"கெதியா வெட்டுங்கோ மாமி" என்றேன்.

மாமி மண்வெட்டியை ஓங்கினார். வயல்காரரும் தன் பக்கத்தில் இருந்து வெட்டிப் போட்டார். உத்தியோகத்தர் காலால் மிதித்து இறுக்கினார். மண் ஏற ஏற றோபோவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தோம். கடைசியில் உத்தியோகத்தர் அதை ஒரே தூக்காகத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பால் நடந்தார். "வள்ளத்து இஞ்சினைத் தூக்கிக்கொண்டு கரையேறினமாதிரி இருக்கு மிஸ். அது கொஞ்சம் நாறும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

வீட்டு முற்றத்தில் அதை இறக்கியதும் மாமி கிணற்றடியில் இருந்து ஒரு வாளி தண்ணீரோடு வந்தார், சேற்றைக் கழுவ. நான் இரண்டு கையையும் விரித்து மறித்த வேகத்தில் வாளி தட்டுப்பட்டு அவர் மேலேயே ஊற்றிக்கொண்டது. மாமி முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழப்போகிறேனா சிரிக்கப்போகிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

"இரும், தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போனார்.

அந்தக் கிழமை முழுவதும் தலைமயிர் உலர்த்தியால் முழங்காலுக்குக் காற்றுப் பிடித்தோம். ஒரு கணுக்கால் மோட்டர் போய்விட்டது. கம்பனிக்கு எழுதினேன். சமமான, உலர்ந்த, உள்வீட்டுத் தரையில் மட்டும் பாவிக்கும்படி அவர்கள் மிகவும் பண்பாகப் பதில் எழுதினார்கள். உத்தரவாதத்தில் வயல் அடங்காதாம்.

துறைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் தானாகவே என் அறைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு. அயலவர் ஒருவர் எடுத்த காணொளி, "கம்பஸ் றோபோ வரம்பு உடைப்பை அடைக்குது" என்ற தலைப்போடு முகநூலில் போய்க்கொண்டிருந்தது. றோபோ உடைத்த பகுதி அதில் இல்லை. அடைத்துக்கொண்டு கிடக்கும் பகுதியும், மாமி மண் வெட்டுவதும் மட்டும்தான். கனடாவில் இருக்கும் மாமியின் தங்கை ஏற்கெனவே தொலைபேசி எடுத்து, "அக்கா, மிசினை விட்டு வயல் செய்யிறியாம், எங்களுக்கு ஒரு கதையும் சொல்லேல்லை" என்று கோபித்திருந்தார்.

"நீர் முகாமைத்துவம்" என்றார் துறைத் தலைவர். "அறிக்கையில அப்பிடிப் போடுவம்."

"சேர், உடைச்சதே அதுதான்."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். நான் நடந்ததை முழுவதும் சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வரம்பு ஏன் உடைஞ்சது எண்டு எழுதுங்கோ. எல்லாரும் றோபோ நடந்ததைத்தான் எழுதுறாங்கள்" என்றார்.

உண்மையில் அதுதான் எங்கள் ஆய்வாக மாறியது. புதிய கணுக்கால் வரும்வரைக்கும், மூன்றுகால் சட்டத்தில் தொங்கிய றோபோவுக்குக் கீழே மண் தட்டுக்களை வைத்துப் பரிசோதித்தோம். உலர்ந்த மண், ஈரமண், சேறு. மண் இணங்கும்போது அது மிதிக்காமல், காலை அகட்டி வைத்து அசையாமல் நிற்கப் பழக்கினோம். சொல்ல எளிது, செய்து முடிக்க அந்த நெல் போகமே போய்விட்டது. ஒரு மாலை அது ஈரமண்ணில் கால் அகட்டி, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. உத்தியோகத்தர் சுற்றி வந்து பார்த்தார். "ஒண்டுக்குப் போய்ட்டு வந்திட்டுது மிஸ்" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு மாமியே திரும்பவும் கூப்பிட்டார். "இப்ப தண்ணி இல்லைத்தானே. கொண்டு வாரும்." நான் தயங்கினேன். "வரம்பு உடைஞ்சா நான் கட்டுறன். கட்டத் தெரியாதே எனக்கு?" என்றார்.

இந்த முறை வான் கிடைத்தது. வெடித்த நிலத்தில், வைக்கோல் மணக்கும் வெய்யிலில் அதை வரம்பில் விட்டோம். நடந்தது. மண் நொறுங்கிய இரண்டு இடத்தில் கால் அகட்டி நின்று, யோசித்து, திரும்ப நடந்தது. மறுபக்கத்து வயல்காரர் தன் எல்லை முழுக்கக் கூடவே நடந்து வந்தார், ஒரு கையை நீட்டியபடி, விழுந்தால் பிடிக்க. முக்கால்வாசித் தூரம் போனபோது முழங்கால் சூடேறி மெல்லக் குந்திவிட்டது.

நான் மட்டையைத் தேட, மாமி கையில் இருந்த குடையை விரித்து அதற்கு மேலே பிடித்தார். தானும் பக்கத்தில் வரம்பில் குந்தினார்.

"எவ்வளவு நேரம் செல்லும் பிள்ளை?"

"கொஞ்சம் செல்லும் மாமி. ஆறவேணும்."

"ஆறட்டும். எனக்கும் கால் உளையுது" என்றார் மாமி. வயல்காரர் தண்ணீர்ப் போத்தலை மாமியிடம் நீட்டினார். மாமி குடித்துவிட்டு, தன் பக்கம் வெய்யில் விழ, குடையை றோபோவின் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த முறை விளைச்சலைப் பற்றி வயல்காரரோடு கதைக்கத் தொடங்கினார்.